ஐம்பது கிலோ இரும்புக்கு அரை லட்சமா?

மூன்று நாளாக அட்டைதான். இரும்பு இன்னும் பட்டறைக்குள் வரவே இல்லை.

எடமலைப்பட்டி புதூரில், மதுரை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட பட்டறை. நடுவில், முன்பக்க பம்பரைக் கழற்றிய தார் ஜீப். பிரிட்ஜ் வந்திறங்கிய பெட்டியைக் கத்தரித்து வண்டியின் மூக்கில் வைத்துப் பார்ப்பதும், எடுத்து ஒரு விரல் அகலம் நறுக்குவதும், மறுபடி வைப்பதுமாக இருந்தார் பட்டறைக்காரர். ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கக் கூடாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உரசக் கூடாது. இழுவைக் கொக்கி தகட்டில் தொங்காமல் சேசிஸ்ஸை நேராகப் பிடிக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது மூக்கு தரையில் இடிக்காதபடி கீழ்விளிம்பு உள்வாங்க வேண்டும்.

வண்டிக்காரப் பையன் வரும்போதே கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"அண்ணே, மிஞ்சிப் போனா அம்பது கிலோ இரும்பு. கிலோ அறுபது ரூபான்னாலும் மூவாயிரம். நீங்க அம்பதாயிரம்னு சொல்றீங்களே?"

அவர் நிமிரவில்லை. "தம்பி, இந்த அட்டைக்கு யாரு காசு குடுக்குறது?"

பதினைந்து வருஷமாக எ.புதூரில் குடியிருக்கிறேன். இந்தப் பட்டறையைத் தாண்டாமல் என் வீட்டுக்குப் போக முடியாது. ஆனாலும் அந்தப் பதில் எனக்கு அன்றைக்கு முழுசாகப் பிடிபடவில்லை. கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்காக ஜீப்பில் மாட்டும் இரும்பு பம்பர், வின்ச், உயர்த்திய ஸ்பிரிங் போன்ற வெளி மார்க்கெட் சாமான்களின் விலையைக் கேட்டவர்கள் எல்லாருமே ஒருமுறையாவது பையனைப் போல வாயைப் பிளந்திருப்பார்கள். கொள்ளை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கொள்ளை இல்லாமலும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் பெரும்பகுதி விலைக்கு ஒரு நியாயமான கணக்கு இருக்கிறது. அது எங்கள் ஊர்க்காரர்கள் நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய கணக்கு.

முதலில் இரும்பை முடித்துவிடலாம். 5 மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டர் 39 கிலோ சொச்சம். அதோடு கொஞ்சம் பைப், பிராக்கெட், போல்ட் சேர்த்தால் பையன் சொன்ன ஐம்பது கிலோ சரிதான். வெட்டும்போது கழிவாகப் போகும் துண்டுகளுக்கும் சேர்த்து அறுபது கிலோ வாங்க வேண்டும். பையன் சொன்ன விலையிலேயே 3,600 ரூபாய். இரும்புக் கணக்கு அவ்வளவுதான்.

விலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. புது மாடல் வண்டி ஒன்றுக்கு அளவெடுக்க வேண்டும், அட்டை வெட்ட வேண்டும், அதைக் கம்ப்யூட்டரில் வரைபடமாக்க வேண்டும். முதலில் செய்த இரண்டு பம்பர் பொருந்தாமல் ஸ்கிராப்புக்குப் போகும். மூன்றாவது பொருந்திய பிறகு, அடுத்ததும் அதே அளவில் வருவதற்கு ஜிக் செய்ய வேண்டும். இத்தனைக்கும் பட்டறைக்காரர் கையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து பம்பர் விற்றால் ஒன்றின் தலையில் பத்தாயிரம். நூறு விற்றால் ஆயிரம். பத்தாயிரம் விற்றால் பத்தே ரூபாய். அட்டை அதேதான், வேலையும் அதேதான். வகுக்கிற எண் மட்டும் வேறு.

மஹிந்திராவின் புதிய தார் 2020 அக்டோபரில் வந்தது. 2023 மார்ச்சுக்குள் ஒரு லட்சம் வண்டி ஆலையை விட்டு வெளியே வந்துவிட்டது. கம்பெனி பம்பருக்கு டை செய்ய எத்தனை கோடி ஆனாலும் அந்தச் செலவைச் சுமக்க ஒரு லட்சம் தலை இருக்கிறது. எங்கள் சந்துப் பட்டறைக்கு வருஷத்தில் பத்துத் தலை வந்தால் பெரிது. இரும்பின் விலையை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிடுவது, கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்கு வடித்த சோற்றின் விலையை வைத்து ஒருவருக்கு மட்டும் உலை வைக்கச் சொல்வது போல.

இதற்கு இன்னொரு சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. எ.புதூரிலிருந்து சில கிலோமீட்டரில் பொன்மலை. தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினத்திலிருந்த தன் பணிமனையை 1920-களின் கடைசியில் அங்கே கொண்டுவந்தது. நீலகிரி மலை ரயிலின் பல்சக்கர நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. அவை தேய்ந்துபோயின. 2011 தொடங்கி, அதே வகையில் சில புதிய எஞ்சின்களை பொன்மலைக்காரர்களே கட்டிக் கொடுத்தார்கள். எண்ணிக்கை விரல் விட்டு எண்ணக்கூடியது. வார்ப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு பாகத்தை வார்க்க முதலில் மரத்தில் அச்சு செதுக்க வேண்டும். அதில் ஆயிரம் எடுத்தாலும் நாலே எடுத்தாலும் தச்சரின் கூலி ஒன்றுதான். மலையேறும் வண்டிக்குச் சாமான் செய்வதில் உள்ள கஷ்டத்தை இந்த ஊர் ஜீப்பில் பார்ப்பதற்கு முன்பே ரயிலில் பார்த்துவிட்டது.

பழைய ஜீப்பும் புதிய ஜீப்பும்

என் மச்சான் உப்பிலியபுரம் பக்கம் விவசாயம் செய்கிறார். பச்சமலையில், சோபனபுரத்துக்கு மேலே டாப் செங்காட்டுப்பட்டியைத் தாண்டி, மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களிடம் மரவள்ளிக்கிழங்கு வாங்கி இறக்குவார். அதற்காக ஒரு பழைய கமாண்டர் ஜீப் வைத்திருக்கிறார். பட்டை உடைந்தாலும், கியர்பாக்ஸ் பல் போனாலும், அவர் ஒருநாளும் விலையைச் சொல்லிப் புலம்பி நான் கேட்டதில்லை.

காரணம் அதே வகுக்கிற எண்தான். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப்புகள் செய்யப்பட்டன. 1947-ல் மஹிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல், உருவம் கொஞ்சம் கொஞ்சம் மாறினாலும் எலும்புக்கூடு மாறாமலேயே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அதனால் டெல்லி காஷ்மீர் கேட்டிலிருந்து சென்னை ஜி.பி. ரோடு வரை எந்த ஸ்பேர் கடையிலும் சாமான் கிடைத்தது. போடி, கம்பம் பக்கத்தில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் ஜீப்புகளும் இந்தச் சந்தையை வைத்துத்தான் பிழைத்தன. ஹரியானாவின் மண்டி டப்வாலி இதில் ஒருபடி மேல். ராணுவம் ஏலம் விட்ட ஜீப்புகளைப் பிரித்து மறுபடி கட்டுவதையே ஊர்த் தொழிலாக்கிக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் பத்துப் பட்டறை ஒரே வேலையைச் செய்தால், ஒருவர் தவறிலிருந்து இன்னொருவர் கற்றுக்கொள்வார். அட்டை வெட்டுகிற செலவு ஊருக்கே பொதுவாகிவிடும்.

புதிய வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை. 2020-க்கு முந்தைய தாருக்குச் செய்த பம்பர் அதற்குப் பிந்தைய தாருக்குப் பொருந்தாது. 2024-ல் வந்த தார் ராக்ஸுக்கு இன்னொரு அட்டை. ஜிம்னிக்கு இன்னொன்று, கூர்க்காவுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் சென்சார், கேமரா, ஒயர் என்று ஒதுக்க வேண்டியவை கூடிக்கொண்டே போகின்றன. வாங்குபவர்களோ ஒரு மாடலுக்குச் சில நூறு பேர், நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள்.

வெல்டிங்குக்குள் இருப்பது

நான் இந்தக் கட்டுரையை எழுத உண்மையான காரணம் இந்தப் பகுதிதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு மாலை, மச்சானின் ஜீப் பச்சமலைச் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. இன்னொரு வண்டியில் பெல்ட் கட்டி இழுத்தோம். இரண்டையும் சேர்த்தது, நான் திருச்சியில் ஒரு கடையில் வாங்கிப் போன இரும்பு ஷேக்கிள். பளபளவென்று பெயின்ட் அடித்து, விலை மலிவாக இருந்தது. மேலே எந்த எண்ணும் இல்லை. இழுவை இறுகியபோது துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். விரிந்து அறுந்த துண்டு எங்கள் தலைக்கு மேலே பறந்து போய் முன்வண்டியின் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே ஒரு சீட்டில் விழுந்தது. அந்த சீட்டில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இதை எழுதும்போதுகூட அந்தச் சத்தம் கேட்கிறது.

பிறகுதான் நல்ல ஷேக்கிளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முக்கால் அங்குல ஷேக்கிளின் உடம்பிலேயே 4.75 டன் என்று புடைப்பாக அச்சடித்திருக்கும். அது அறுந்துபோகும் எடை என்று பலர் நினைக்கிறார்கள். அது தினமும் நம்பி ஏற்றலாம் என்கிற எடை. நல்ல தயாரிப்பாளர்கள் அதற்கு ஆறு மடங்கு, அதாவது இருபத்தெட்டு டன்னுக்கு மேல் தாங்கும்படி செய்கிறார்கள். சிவக்கக் காய்ச்சிய எஃகைச் சம்மட்டி அச்சில் அடித்து உருவாக்கி, சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்தி, எந்த உருக்கிலிருந்து வந்தது என்கிற குறியீட்டையும் பொறித்து அனுப்புகிறார்கள். மாதிரிக்குச் சிலவற்றை வேண்டுமென்றே இழுத்து அறுத்துப் பார்க்கிறார்கள். அறுந்துபோனதை விற்க முடியாது. அதன் விலை, அறுபடாமல் நம் கைக்கு வருகிற ஷேக்கிளின் மேல் ஏறுகிறது. நான் வாங்கிய மலிவு ஷேக்கிளில் இல்லாமல் போனது அந்தச் செலவுதான்.

இதைத் திருச்சியில் சொல்ல வேண்டியதே இல்லை. 1965-ல் திருவெறும்பூரில் பெல் (பி.எச்.இ.எல்.) கொதிகலன் ஆலை ஓடத் தொடங்கியது. அதை நம்பித் துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன. 1975-ல் பெல் வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கொதிகலன் குழாயில் வெல்டிங் வைப்பவர் முதலில் பரீட்சை எழுதித் தேற வேண்டும். அவர் வைத்த ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் எண் உண்டு. யார் வைத்தது, எந்த ராடு, எந்த நாள் என்று பேரேட்டில் இருக்கும். எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். உள்ளே அனுமதித்த அளவை மீறிக் காற்றுக்குமிழி தெரிந்தால் வெட்டியெடுத்து மறுபடி வைக்கச் சொல்வார்கள். வெளியே மீன் செதில் போல அழகாக இருக்கும் வெல்டிங் உள்ளே பொய்யாக இருக்கலாம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த ஊர் இது.

என் சந்துப் பட்டறைக்காரரும் அப்படி ஒரு துணைத் தொழிற்கூடத்தில் கொதிகலன் வேலை பார்த்தவர். அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்து பல கூடங்கள் ஷட்டர் இறக்கியபோது வெளியே வந்தவர். தகட்டின் விளிம்பைச் சாய்வாகச் சீவி, இடைவெளி விட்டு, அடிப்பாஸ் ஒன்று, மேலே இரண்டு என்று வைக்கிறார். சீவாமல் மேலாக ஒரே பாஸ் இழுத்தால் அரை மணியில் முடிகிற ஜாயின்ட்டுக்கு அவர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். கிரைண்டிங் போட்டு பவுடர் கோட்டிங் அடித்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வாங்குபவருக்குத் தெரியாத அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்பதுதான் அவருடைய தொழிலின் பெரிய சங்கடம். பக்கத்துத் தெருவில் பாதி விலைக்குத் தருகிறார்களே என்று கேட்டால் அவரிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை. எக்ஸ்ரே எடுத்துக் காட்டினால் அந்தச் செலவும் பம்பரின் மேல்தான் ஏறும்.

கப்பலில் வருவதும் லாரியில் போவதும்

வெளிநாட்டுச் சாமான் என்றால் கணக்கு வேறு. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. 1975-லும், ஜீப் சக்கர ஹப்பில் தொடங்கிப் பிறகு வின்ச்சுக்குப் பேர்பெற்ற அமெரிக்காவின் வார்ன் 1948-லும் தொழிலுக்கு வந்தவை. வகுக்கிற எண் அவர்களுக்கு உலகம் முழுக்க இருக்கிறது. ஆனாலும் அந்தச் சாமான் நம் கைக்கு வரும்போது மலிவாக இருப்பதில்லை.

2018 பட்ஜெட்டில் பல வாகன உதிரிபாகங்களின் சுங்க வரி 15 விழுக்காடானது. சாமானின் விலை, கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்ந்து நூறு ரூபாய் என்று கொள்வோம். அதன்மேல் 15 ரூபாய் சுங்கம், அந்தச் சுங்கத்தின்மேல் பத்து விழுக்காடு சமூக நலக் கூடுதல் வரி, ஆக 116 ரூபாய் 50 காசு. அதற்குமேல் ஜி.எஸ்.டி. முன்பு இப்படிப்பட்ட சாமான்களுக்கு 28 விழுக்காடு இருந்தபோது மொத்தம் 149 ரூபாய்க்கு வந்து நின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடு ஆனதில் 137 ரூபாய் 50 காசுக்குக் கொஞ்சம் கீழே. இறக்குமதி செய்தவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் ஆகியோரின் லாபம் இதற்கு மேல்தான் தொடங்குகிறது. பத்து மாதம் விற்காமல் கிடங்கில் கிடந்தால் அந்தப் பணத்துக்கு வட்டியும் இதில் சேரும்.

உள்ளூர்ச் சாமானுக்கும் அனுப்புகிற செலவு சும்மா இல்லை. பம்பர் கனமானது என்பதைவிட இடத்தை அடைப்பது என்பதுதான் தொல்லை. 170 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 50 உயரப் பெட்டி. கூரியர்காரர்கள் இந்த மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, வரும் எண்ணை எடையாக எடுத்துக்கொள்வது வழக்கம். 102 வரும். தராசில் ஐம்பது கிலோ, பில்லில் நூற்றிரண்டு கிலோ. உள்ளே இருக்கிற காற்றுக்கும் கூலி. பட்டறைக்காரர் இதனால்தான் வெளியூர் ஆர்டர் என்றாலே தயங்குகிறார். வெளியூர் ஆர்டர் இல்லாவிட்டால் பத்து எப்போது நூறாகும்?

இனி, நியாயமில்லாத விலை. ஒரே அச்சில் வந்த எல்.இ.டி. விளக்கு மூன்று ஸ்டிக்கரில் மூன்று விலைக்கு விற்கிறது. பேர் பெரிது என்பதற்காக மட்டும் இரட்டிப்பு விலை கேட்கும் சாமான்கள் நிறைய. சோதித்த விவரம் எதையும் காட்டாமல் 'ஹெவி டியூட்டி' என்று மட்டும் எழுதி விற்பதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். உயிரைத் தாங்குகிற சாமானுக்குக் கொடுக்கிற காசும் அலங்காரத்துக்குக் கொடுக்கிற காசும் ஒன்றல்ல. என்ன எஃகு, எவ்வளவு எடைக்குச் சோதித்தது, முறிந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது அதிகம்தான்.

சட்டத்தின் விலை

விலையை ஏற்றுவதில் பலரும் பேசாத இன்னொன்று சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. கார்களின் முன்னால் மாட்டும் புல் பார் இந்தப் பிரிவுக்கு விரோதமானது என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதே பிரிவைக் கறாராக எடுத்துக்கொண்டது. அதே வருஷம் சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், என்று வந்தது.

தடைக்குப் பின்னால் இருக்கிற காரணம் உண்மையானது. முன்பக்கம் நசுங்கினால்தான் மோதலின் வேகம் உள்ளே இருப்பவரின் நெஞ்சுக்குப் போகாமல் இரும்போடு நிற்கும். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பதைக் கம்பெனி அந்த நசுங்கலை வைத்துத்தான் அளந்திருக்கிறது. குறுக்கே கனமான இரும்பைக் கட்டினால் அந்த அளவு பிசகும். எதிரே நடந்து வருகிறவரின் எலும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பட்டறைக்காரரிடம் இதைக் கேட்டபோது அவர் மழுப்பவில்லை. "ரோட்டுல ஓட்டுறதுக்குன்னா நான் செய்யறதில்ல சார். மேட்டுல, போட்டியில மாட்டிக்கிட்டுக் கழட்டிரணும்னு சொல்லித்தான் குடுக்கறேன்." சொன்னபடி எத்தனை பேர் கழற்றுகிறார்கள் என்று அவரால் காவல் நிற்க முடியாது.

ஆனால் தடையோடு நிறுத்திவிட்டதில் ஒரு கேடு நடந்திருக்கிறது. கரூரில் பஸ் கூண்டு கட்டுகிறார்களே, அது பெரிய கம்பெனி வேலையா? எத்தனையோ சிறிய கூடங்களில் கைவேலையாக நடந்ததுதான். அதற்கு ஏ.ஐ.எஸ். 052 என்று ஒரு விதித்தொகுப்பு வந்தது. எவ்வளவு உயரம், எந்த வழியாகத் தப்பிக்க வேண்டும், எது தீப்பிடிக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். அதைப் பின்பற்றிச் சோதனையில் தேறியவர்கள் தலைநிமிர்ந்து தொழில் செய்கிறார்கள். ஏர்பேக்கோடு ஒத்துப்போகிற பம்பர், கணக்கிட்ட இழுவைக் கொக்கி, இத்தனை அங்குலம் வரை உயர்த்தலாம் என்கிற ஸ்பிரிங் இவற்றுக்கும் அப்படி ஓர் அளவுகோல் வைக்க முடியும். ஆஸ்திரேலியாவில் ஏர்பேக்கோடு சேர்த்துச் சோதித்த பம்பர்கள் கடையில் விற்கின்றன. இங்கே அளவுகோல் இல்லாததால் நல்லவரும் பட்டறையை மறைவில் நடத்த வேண்டியிருக்கிறது, மோசமானவரும் அதே மறைவில் நடத்துகிறார். பில்லில் 'ஜாப் ஒர்க்' என்று மட்டும் போடுவார்கள். முறிந்தால் கேட்க முடியாது, இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிடும். வங்கி கடன் தராது. அதனால் நல்ல வளைக்கும் எந்திரம் வாங்க முடியாது. எந்திரம் இல்லாததால் ஒரு பம்பருக்கு நாள் கூடுகிறது, நாள் கூடுவதால் விலை கூடுகிறது. எக்ஸ்ரே எடுக்கத் தெரிந்த ஆள் பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் ஊரில், ஒரு பம்பரைச் சோதித்து முத்திரை குத்த வழியில்லை என்பது என்னைத் தொடர்ந்து உறுத்துகிறது.

பையன் கடைசியில் சம்மதித்தான். முன்பணம் கொடுத்தான், பாக்கிக்கு இரண்டு தவணை கேட்டான். பதினெட்டு நாள் கழித்து அந்த வழியாக வந்தபோது வண்டி போயிருந்தது. அட்டை மட்டும் சுவரில், பழைய மாடல்களின் அட்டைகளுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. அதன் மூலையில் ஸ்கெட்ச் பேனாவால் தேதி போட்டு, கீழே ஒரு கோடு இழுத்திருந்தார்.

"ஒண்ணு ஆயிருச்சு சார்" என்றார். "இன்னும் ஒம்பது வந்தா அட்டைக் காசு வந்துரும்."